கைவிட்ட இறால் பண்ணை ஊர்ப் பொது இடமானது: ஒரு நிகழ்வு ஆய்வு

இது தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, பாக் விரிகுடா ஓரமாக உள்ள ஒரு ஊரில் நடந்தது. ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் எழுதவில்லை, ஏனென்றால் நில விவகாரத்தில் ஒரு பகுதி இன்னும் முடியாமல் இருக்கிறது. கைவிட்ட இறால் பண்ணையை ஊர்ப் பொது இடமாக மாற்றிய அந்த வேலையில் முதல் நாளிலிருந்து கூட இருந்தவன் நான். நடந்த தவறுகளில் என் பங்கும் உண்டு. கீழக்கரைப் பக்கம் தொடங்கி எஸ்.பி.பட்டினம் வரைக்கும் இதே மாதிரி கைவிட்டுப்போன பண்ணையும் பாழ்பட்ட உப்பளமும் சீமைக்கருவை மண்டிக் கிடக்கின்றன. அங்கே யாராவது மரம் நடக் குழி தோண்டக் கிளம்பினால், அதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிட்டால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

பண்ணைக்கு முன்னும் பின்னும்

அந்த இடம் ஒரு காலத்தில் கழி. கண்மாய் நிறைந்தால் மறுகால் தண்ணீர் ஓடை வழியாக வந்து அந்தக் கழியில் பரவி, அப்புறம் கடலுக்குப் போகும். ஐப்பசி கார்த்திகையில் நல்ல தண்ணீர், மற்ற மாதங்களில் கடல் தண்ணீர் ஏறி இறங்கும். பெண்கள் இடுப்பில் ஓலைக்கொட்டானைக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறால் தடவுவார்களாம். ஆடு மேயும், உவர் மண்ணில் வளரும் உமரிச் செடி முளைக்கும், ஓரத்தில் அலையாத்தி மரம் கொஞ்சம் நின்றது. அதை யாரும் பூங்கா என்று சொன்னதில்லை, ஆனால் ஊர் முழுக்கப் போய் வந்த இடம் அது.

1990களின் தொடக்கத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து அங்கே வரி இறாலுக்கு நாலு பெரிய குளம் வெட்டினார்கள். வெட்டிய களிமண்ணையே சுற்றிக் கரையாக்கி, ஆள் உயரத்துக்கு மேல் அணைத்துக் கட்டினார்கள். அந்தக் கரைதான் ஓடையைக் குறுக்கே மறித்தது. 1994, 95ல் வெண்புள்ளி நோய் வந்து தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் பண்ணை பண்ணையாக இறால் செத்தது, இங்கேயும் செத்தது. அடுத்து காந்தியர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறை தவிர்த்த இறால் பண்ணைகள் இருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பண்ணை நின்றது. 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, அப்புறம் 2009ல் வெனாமி என்ற வெளிநாட்டு வகை இறாலுக்கு அனுமதி கிடைத்தது. வேறொருவர் குத்தகைக்கு எடுத்து மறுபடி சில பருவம் இறால் வளர்த்துப் பார்த்தார். அதுவும் சரிவரவில்லை. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் மோட்டார் கொட்டகையையும் ஜெனரேட்டர் அறையையும் கரையையும் அப்படியே விட்டுப் போனார்கள்.

பண்ணை ஓடிய காலத்திலேயே ஊருணித் தண்ணீர் கரித்துப்போயிற்று என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். குளத்தில் வருஷம் முழுக்கக் கடல் தண்ணீரைத் தேக்கி வைத்தால் அது பக்கவாட்டில் ஊறத்தான் செய்யும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது.

நாங்கள் போனபோது இருந்த நிலை

எங்கள் குழு என்று சொன்னால் ஏழெட்டுப் பேர். ஊராட்சியில் இருந்த ஒரு அம்மா, சுயஉதவிக் குழுப் பெண்கள் இரண்டு பேர், ஒரு ஆசிரியர், வளைகுடாவில் இருந்து திரும்பிய ஒரு தம்பி, பழைய உப்பளத் தொழிலாளி ஒருவர், கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த அவருடைய பேத்தி, அப்புறம் வேளாண்மை படித்த நான். கிராம சபையில் அந்த இடத்தை ஊருக்கான பசுமை இடமாக மாற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், அங்கிருந்துதான் தொடங்கியது.

மொத்தம் ஏறக்குறைய 12 ஏக்கர். நாலு குளம், இரண்டு கடல் பக்கம், இரண்டு ஊர்ப் பக்கம். குளத்தின் அடித்தளம் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஒரு சாண் தோண்டினால் கருப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். இறால் தீவனமும் கழிவும் அடியில் தங்கி, காற்றுப் படாமல் அழுகிய மண் அது. உப்பு எவ்வளவு என்று அறிய, மண்ணைத் தண்ணீரில் கரைத்து மின்கடத்துத் திறன் பார்க்கிற சின்ன மானியை வைத்தேன், அது தன் அளவுக்கு மேலே போய் நின்றுவிட்டது. மண் சாற்றில் ஒரு மீட்டருக்கு 4 டெசிசைமன் என்ற அளவைத் தாண்டினாலே அதை உவர் நிலம் என்கிறார்கள். உப்பளத்துப் பெரியவர் மானியைப் பார்க்கவே இல்லை. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, “தம்பி, இது பாத்தி மண்ணு. இதுல உப்புதான் வெளையும்” என்றார். அன்றைக்கு அதை நாங்கள் போதுமான அளவு காதில் வாங்கவில்லை.

கரைகள் மீது பல இடத்தில் சீமைக்கருவை ஆள் நுழைய முடியாமல் மண்டியிருந்தது. ஜெனரேட்டர் அறை ஓரத்தில் டீசல் ஊறிய மண் இரண்டு மாட்டு வண்டி அளவு. மோட்டார் கொட்டகைக் கூரை கல்நார் தகடு, பாதி உடைந்து கீழே கிடந்தது. மழைக்காலத்தில் மேட்டுத் தெருவைத் தவிர மற்ற தெருக்களில் ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் நிற்கும். ஓடை மறிபட்டதுதான் காரணம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதையும் இந்தப் பசுமை இட வேலையையும் அந்த நேரத்தில் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நிலம் யாருடையது

இது எல்லாவற்றுக்கும் முன்னால் முடித்திருக்க வேண்டிய வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் எந்த நிலம் யாருடையது என்று எழுதியிருக்கும் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தபோது மூன்று குளமும் ஓடையும் புறம்போக்கு என்றும், ஊர்ப் பக்கத்து இரண்டாவது குளம் மட்டும் பட்டா நிலம் என்றும் தெரிந்தது. பட்டாக்காரர் குடும்பம் எப்போதோ வெளியூர் போய்விட்டது. குத்தகைக் காலம் முடிந்துபோனதற்கான தாள் எங்கள் கைக்கு வரவே பல மாதம் ஆயிற்று. புறம்போக்கு என்றாலும் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைக்கு உட்பட்ட இடம், அலையாத்தி வேறு பக்கத்தில் நிற்கிறது. அதனால் நிரந்தரக் கட்டடம், கான்கிரீட் பாதை எதுவும் கூடாது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டோம். கரையை வெட்டவும் வருவாய்த் துறை, வனத் துறை இரண்டிடமும் எழுத்தில் அனுமதி வாங்கினோம். அலைச்சல்தான், ஆனால் பின்னால் ஒருவர் வந்து தடுத்து நின்றபோது அந்தத் தாள்தான் காப்பாற்றியது.

முதல் நடவு

ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியில் 500 கன்று தருவதாகச் சொன்னது. வேம்பு, புங்கை, பாதாம், மயில்கொன்றை. மழைக்கு முன்னால் நட்டுவிட வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம், எங்களுக்கும் ஆசை. புரட்டாசிக் கடைசியில் குளத்துத் தரையில் குழி தோண்டி, டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து நிரப்பி, பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து நட்டோம். ஊரே வந்திருந்தது. ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பிள்ளையின் பெயரை அட்டையில் எழுதிக் கட்டினோம்.

மழைக்காலத்தில் எல்லாம் துளிர்த்தன. தை பிறந்ததும் இலை ஓரம் நெருப்பில் காட்டின மாதிரி கருகத் தொடங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து டேங்கர் வைத்து ஊற்றினோம். அந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே கரிப்பு. பங்குனி முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டன. ஒரு பையன் வந்து தன் பெயர் எழுதிய அட்டை தொங்கிய குச்சியைப் பிடுங்கிப் பார்த்தான். வேர் செம்மண் உருண்டைக்குள்ளேயே சுருண்டிருந்தது, ஒரு விரல் அளவுகூட வெளியே போகவில்லை. அட்டையை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். அந்தக் காட்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

என்ன நடந்தது என்பது பிறகு புரிந்தது. இறுகிய களிமண்ணில் தோண்டிய குழி ஒரு வாளி மாதிரி. மழைத் தண்ணீர் அதில் நின்றதே தவிர எங்கேயும் வடியவில்லை. வெயில் ஏற ஏற அந்தத் தண்ணீர் ஆவியாகப் போய், அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் உப்பைச் செம்மண்ணுக்குள் இழுத்தது. சுற்றிலும் கரை அடைத்திருந்ததால் குளத்தில் விழுந்த மழையும் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேற வழியில்லாமல் அங்கேயே வற்றி, பழைய இடத்திலேயே உப்பை மறுபடி விட்டுப்போனது. பண்ணை ஓடாத வருஷமெல்லாம் இதுதான் அங்கே நடந்திருக்கிறது. இதைப் பிள்ளைகள் பெயரை எழுதுவதற்கு முன்னால் நான் யோசித்திருக்க வேண்டும், வேளாண்மை படித்தவன் நான்தான்.

உடைப்பு

சித்திரை மாதம் செத்த கன்றுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, விறகு பொறுக்க வந்த ஒரு அப்பத்தா நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “இங்கன நட்டா எப்புடிப்பா வரும்? அந்த ஒடப்பு கிட்டப் போய்ப் பாருங்க, அங்க மட்டும் பச்ச புடிச்சிருக்கு.”

கடல் பக்கத்து மூலையில், ஏதோ ஒரு மழையில் கரை இரண்டு மீட்டர் அகலத்துக்கு உடைந்திருந்தது. ஏற்றத்தில் கடல் தண்ணீர் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். உடைப்பிலிருந்து உள்பக்கமாக விசிறி விரித்த மாதிரி உமரி படர்ந்திருந்தது, சிவப்பும் பச்சையுமாக. அதற்குள் முழங்கால் உயர அலையாத்திக் கன்று பதினேழு எண்ணினோம். ஒன்றையும் யாரும் நடவில்லை. மண்ணில் நண்டு வளை நிறைய. அங்கே கால் வைத்தால் புதைகிறது, பத்தடி தள்ளி வைத்தால் அதே தரை பாறை மாதிரி இருக்கிறது. ஒரே குளம், ஒரே மண். தண்ணீர் வந்து போகிற வழி ஒன்றுதான் வித்தியாசம்.

பக்கத்தில் காரங்காட்டுக்குப் போய் வனத் துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் அலையாத்திக் காட்டைப் பார்த்தோம். பிச்சாவரத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்த வேலையைப் பற்றி நான் படித்திருந்தேன். அங்கே மரம் அழிந்த இடம் தட்டு மாதிரிக் குழிந்து, தண்ணீர் தேங்கி, உப்பு கூடிப் பொட்டலாகி இருந்தது. அவர்கள் முதலில் மரம் நடவில்லை. பெரிய வாய்க்கால் ஒன்று, அதிலிருந்து மீன் முள் மாதிரிச் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று வெட்டித் தண்ணீரை ஓட விட்டார்கள், அதற்குப் பிறகுதான் கன்று. எங்கள் குளமும் அதே தட்டுதான், மனிதன் வெட்டிய தட்டு.

முடிவுகளும் காரணங்களும்

அந்த வைகாசியில் இரண்டு நாள் உட்கார்ந்து பேசினோம். ஒரு வருஷத்துக்கு ஒரு கன்றுகூட நடக் கூடாது என்பதுதான் முதல் முடிவு. நிதி தந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, விலகிக்கொண்டார்கள். புகைப்படத்தில் காட்ட ஒன்றும் இல்லாத வேலைக்குப் பணம் கிடைப்பது கஷ்டம், இதை இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

கடல் பக்கத்து இரண்டு குளத்தையும் கடலுக்கே திருப்பிக் கொடுப்பது என்று வைத்தோம். அங்கே பூங்கா வராது, கழிதான் வரும். இதற்கு இளைஞர்கள் ஒப்பவில்லை. “பார்க்குன்னு சொல்லிட்டுச் சேறாக்குறீங்களே” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஊர்ப் பக்கத்து முதல் குளத்தை விளையாட்டுத் திடலாக்கித் தருகிறோம், மழைக்காலத்தில் மட்டும் அது தண்ணீர் நிற்கிற இடம் என்று பேசி முடித்தோம். பட்டா குளத்தைத் தொடவில்லை.

மரம் வைக்க நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் கரைகளின் முதுகு. பார்த்தால் கரையும் அதே உவர் களிமண்தான், ஆனால் உயரத்தில் இருப்பதால் முப்பது வருஷ மழை அதன் மேல்மண்ணில் இருந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்கியிருந்தது. அங்கே மானி முதல்முறையாக ஒழுங்கான எண்ணைக் காட்டியது. கருவை கரை மேல் மட்டும் செழித்திருந்ததே அதற்குச் சாட்சி, நாங்கள்தான் அதைக் களை என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். கரையே பாதை, பாதையின் இரு பக்கமும் மரம் என்று திட்டம் தானாக அமைந்தது.

மோட்டார் கொட்டகையை இடிப்பதா என்று பேச்சு வந்தபோது பேத்தி தன் போனில் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரத்துப் படங்களைக் காட்டினாள். 1985ல் மூடிய இரும்பு ஆலையை இடிக்காமல், உலைகளை அப்படியே நிற்க விட்டு 1994ல் பூங்காவாகத் திறந்திருக்கிறார்கள். அவளுடைய தாத்தா அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, நம்ம கொட்டகையும் நிக்கட்டும், நிழலுக்காவது ஆகும் என்றார். புதிதாகக் கட்ட அனுமதி இல்லாத இடத்தில் இருக்கிற சுவரை இடிப்பது புத்தியும் இல்லை.

வேலி, கேட், நுழைவுச் சீட்டு என்று ஒரு யோசனை வந்தது. சுயஉதவிக் குழுப் பெண்கள் அதை உடனே நிறுத்தினார்கள். கரை மேலேதான் அவர்கள் கருவாடு காயப்போடுகிறார்கள், அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறார்கள். கேட் போட்டால் சாவி ஒருவர் கையில் இருக்கும். கேட் வேண்டாம் என்று முடிவானது. கருவாட்டுக்கு வடக்குக் கரையை விட்டோம், கிழக்கிலிருந்து கொண்டல் காற்று அடிக்கையில் கருவாட்டு நாற்றம் ஊருக்குள் போகாத இடம் எது என்று அவர்களே பார்த்துச் சொன்னார்கள்.

வேலை நடந்த விதம்

கரையை எங்கே, எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதில் அவசரப்படவில்லை. பாக் விரிகுடாவில் ஏற்ற வற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அரை அடி தப்பினால் தண்ணீர் உள்ளே வராது, வந்தால் வெளியே போகாது. இரண்டு அமாவாசை, இரண்டு பௌர்ணமி கரையோரம் நின்று ஏற்றம் எதுவரை வருகிறது என்று குச்சி நட்டோம். கொத்தனார் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கிற டியூபை வைத்து அந்த மட்டத்தைக் குளத்துக்குள் கொண்டுபோனோம். பழைய ஓடை எந்த வழியாக ஓடியது என்பதை மூன்று பெரியவர்கள் தனித்தனியாக நடந்து காட்டினார்கள், மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே தடத்தில் நடந்தார்கள். அந்தத் தடத்திலேயே பெரிய வாய்க்கால் வெட்டினோம். கரையில் மூன்று வெட்டு மட்டும் ஜேசிபி போட்டது, கிளை வாய்க்கால் முழுக்க மம்பட்டி வேலை.

முதல் குளத்துக்கு வேறு வைத்தியம். அது கடல் ஏறாத உயரம், மழையால்தான் உப்பைக் கழுவ முடியும். நம் மாவட்டத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டி மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும், அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். கடல் தண்ணீர் நின்ற களிமண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறும் மழை பெய்தால் மண் கரைந்து சந்தனம் மாதிரி ஆகி அடைத்துக்கொள்ளும். ஜிப்சம் போட்டால் அதில் உள்ள கால்சியம் சோடியத்தை விலக்கும், மண் பொலபொலப்பாகும், தண்ணீர் இறங்கும். கையில் இருந்த பணத்துக்குப் பாதிக் குளத்துக்குத்தான் ஜிப்சம் வாங்க முடிந்தது. உழுது, ஜிப்சம் தூவி, பெரிய மழை பெய்தால் கணுக்கால் அளவு தேக்கி இரண்டு மூன்று நாளில் மடையைத் திறந்துவிட்டோம். ஜிப்சம் போட்ட பாதியில் தண்ணீர் தெளிந்து கீழே இறங்கியது. போடாத பாதியில் மழைக்காலம் முடியும்வரை செம்பழுப்பாகக் கலங்கியே நின்றது. அந்த வித்தியாசத்தைப் பார்க்கவே பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள்.

டீசல் மண்ணைத் தோண்டி எடுத்துத் தடித்த தார்ப்பாய் மேல் பரப்பி, மக்கிய சாணத்தைக் கலந்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு மாதம் இரண்டு தடவை புரட்டினோம், மழை பெய்தால் மூடி வைத்தோம். எண்ணெயைத் தின்கிற நுண்ணுயிர்களுக்குக் காற்றும் ஈரமும் கொடுக்கிற வேலை இது. கல்நார் தகடுகளை உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு முழுசாகக் கழற்றிப் பொதிந்து, ஊராட்சி மூலம் அப்புறப்படுத்தினோம். முதல் நாள் இரண்டு பையன்கள் சுத்தியலோடு கூரை மேல் ஏறிவிட்டார்கள், இறக்கிவிட வேண்டியதாயிற்று. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் எத்தனையோ வருஷம் கழித்து நோயாக வரும் என்பது ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

கருவை வெட்டியதில் வந்த சிக்கல்

சீமைக்கருவையை ஒரே மூச்சில் அழிப்பதில்லை என்று வைத்திருந்தோம். காற்றுத் தடுப்புக்குக் கடல் பக்கம் ஒரு வரிசையை விட்டு, மிச்சத்தைக் கரிமூட்டம் போடுகிற குடும்பங்களிடமே இரண்டு பருவமாகப் பிரித்து வெட்டக் கொடுத்தோம். வெட்டுக்குப் பேசிய விலைக்குள்ளேயே தூரையும் பிடுங்கித் தருவது அவர்கள் பொறுப்பு. முள்ளை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம், கன்றுக்கு ஆடு கடிக்காமல் முள்வேலி வேண்டுமே.

இதெல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் அந்தக் கருவைக் காட்டைத்தான் பக்கத்துத் தெருப் பெண்கள் ஒதுங்கப் பயன்படுத்தினார்கள். வீட்டில் கழிப்பறை இருந்தும் தண்ணீர் இல்லாததால் அது பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கத்தை வெட்டி முடித்த மறுநாள் காலையில் ஒரு பெண் எங்கள் குழு அம்மாவிடம் வந்து, எங்களுக்கு இருந்த ஒரு மறைவையும் எடுத்துட்டீங்களே அக்கா என்று அழுதார். இரண்டு நாள் கூடிப் பேசியும், அத்தனை பேர் இருந்தும், இதை யாரும் எழுப்பவில்லை. ஆண்கள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அவர்கள் அதை எப்படிச் சொல்வார்கள்? உடனே வெட்டை நிறுத்தினோம், பொதுக் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்க ஊராட்சியை நெருக்கினோம், நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் அந்தப் பெண்கள் பட்ட சிரமத்துக்கு நாங்கள்தான் காரணம்.

மூன்று மழைக்குப் பிறகு

ஓடை திறந்த முதல் மழைக்காலத்திலேயே தெருவில் நின்ற தண்ணீர் இரண்டாம் நாள் வடிந்தது. உண்மையைச் சொன்னால் ஊரில் எல்லோரும் எங்கள் பக்கம் வந்தது அன்றைக்குத்தான், மரத்தால் அல்ல.

அதே மழையில் மூன்று வெட்டில் ஒன்று அரித்துக்கொண்டு இரண்டு மடங்கு அகலமாகிவிட்டது. பனந்துண்டுகளை நட்டு, கருவைக் கட்டுகளை இடையில் அடைத்து நிறுத்தினோம், அடுத்த மழைக்கு அது தாங்கியது. கடல் பக்கக் குளங்களில் உமரி முதலில் பரவியது, அடுத்த வருஷம் அலையாத்தி விதைகள் தண்ணீரோடு வந்து தானாகத் தங்கின. தங்காத மூலைகளில் மட்டும் பொறுக்கிய விதையை ஊன்றினோம். இப்போது இடுப்பு உயரத்துக்கு நிற்கின்றன, சுற்றிலும் பென்சில் நட்ட மாதிரி மூச்சு வேர். இலையின் அடியில் உப்பு பொடியாகப் படிந்திருக்கும், பிள்ளைகள் அதை நக்கிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மடவை மீன் குஞ்சு வாய்க்காலில் கூட்டமாக ஓடுகிறது, வாடைக்காற்றுக் காலத்தில் உள்ளான் பறவைகள் இறங்குகின்றன. இரண்டு பெண்கள் மறுபடி இறால் தடவ இறங்கியிருக்கிறார்கள்.

கரை மேல் இரண்டாவது நடவில் பனை விதை, குடைவேலம், உகாய், வேம்பு, சரிவில் பூவரசு. வேம்பில் கொஞ்சம் போயிற்று, மற்றவை நிற்கின்றன. பனை இன்னும் தரையோடுதான் இருக்கிறது, அதற்கு அவசரம் கிடையாது. முதல் குளத்தில் ஜிப்சம் போட்ட பாதியில் அறுகு பிடித்து, மாலையில் கபடியும் வாலிபாலும் நடக்கிறது. மற்ற பாதி இன்னும் திட்டுத் திட்டாக வெள்ளைதான். கொட்டகைக்குக் கீற்றுக் கூரை போட்டிருக்கிறோம், மதியத்தில் வலை பிரிக்கிறவர்கள் அங்கேதான் உட்காருகிறார்கள். ஊருணித் தண்ணீர் இன்னும் குடிக்கிற பதத்துக்கு வரவில்லை.

பெயர் எழுதிய அட்டையைக் கொண்டுபோன பையன் இப்போது ஒன்பதாவது படிக்கிறான். பூவரசு ஒன்றுக்குப் பக்கத்தில் முள்வேலி சரிந்தால் அவன்தான் கட்டுகிறான். அதே அட்டையா என்று தெரியவில்லை, ஒரு அட்டை அதில் தொங்குகிறது.

இப்போது செய்வதென்றால்

முதல் வருஷத்தில் கன்றுக்கும் டேங்கருக்கும் செலவான பணத்தை ஜிப்சத்துக்கும் மட்டம் பார்க்கவும் செலவழிப்பேன். ஒரு முழு மழைக்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் ஒதுக்குவேன். பெண்களோடு தனியாக, ஆண்கள் இல்லாமல், முதலிலேயே பேசச் சொல்வேன், கழிப்பறைக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் கருவையில் அரிவாள் படும். வெட்டுகளின் இரு வாயிலும் வெட்டிய அன்றைக்கே பனந்துண்டு அடிக்க வேண்டும், அரித்த பிறகு அடிப்பது மூன்று மடங்கு வேலை. பிள்ளைகளைக் கூப்பிடுவதாக இருந்தால் பனை விதை ஊன்றக் கூப்பிடலாம், பெயர் எழுதுவதை அது தரைக்கு மேல் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நிலப் பதிவேட்டைக் கூட்டம் போடுவதற்கு முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும். பட்டா குளம் அப்படியே கிடப்பதால் மறுகால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது, அந்த வளைவில் இன்னும் தேங்குகிறது. பட்டாக்காரர் குடும்பத்தில் ஒருவர் போனில் பேசினார், நிலத்தைத் தருவதாகவும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. நிலம் வேண்டாம், கரையின் இரண்டு முனையிலும் நாலு நாலு அடி வெட்டிக்கொள்ள மட்டும் சம்மதம் தாருங்கள் என்று கேட்டு இந்தப் புரட்டாசியில் மறுபடியும் எழுதியிருக்கிறோம்.